கீபோர்டிலும் ஆர்கனிலும் பிடித்த செட்டிங்கைச் சேமித்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் சிவாஜிநகர், அல்சூர், ஃபிரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ் ஆலயங்களில் கீபோர்டு வாசிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ராகம், கார்டு பற்றி வரும் கேள்விகளைவிட இந்த மெமரி பட்டன்களைப் பற்றி வருபவைதான் அதிகம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நம் ஆலயங்களில் பெரும்பாலும் யமஹாவும் காசியோவும் இருப்பதால் உதாரணங்கள் அவற்றிலிருந்தே வரும். பெரிய ஆர்கனுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

அண்ணா, ரெஜிஸ்ட்ரேஷன் மெமரின்னா நாம வாசிக்கிறது ரெக்கார்டு ஆகுறதா?

இல்லை. நீங்கள் வாசித்த ஒரு சுரம்கூட அதில் பதிவாகாது. பட்டனை அமுக்கிய நொடியில் கீபோர்டு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைதான் பதிவாகும். வலது கைக்கு என்ன டோன் (வாத்திய ஒலி), அதோடு இன்னொரு டோன் சேர்ந்திருக்கிறதா, இடது கைக்குத் தனியாகப் பிரித்திருக்கிறதா, எந்த ஸ்டைல் (தானாக ஓடும் தாளமும் பக்கவாத்தியமும்), என்ன வேகம், டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அளவு) எவ்வளவு என்று எல்லாம் அதில் அடங்கும். பிறகு அந்த எண்ணை ஒருமுறை தொட்டால் இத்தனையும் ஒன்றாகத் திரும்பி வரும். வாசிப்பைப் பதிவு செய்ய ரெக்கார்ட் பட்டன் வேறாக இருக்கிறது.

எந்த பட்டனை அமுக்கினா சேவ் ஆகும்?

முதலில் டோன், ஸ்டைல், வேகம் எல்லாவற்றையும் உங்களுக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளுங்கள். யமஹாவில் மெமரி பட்டனை அமுக்கிவிட்டு எண்ணை அமுக்க வேண்டும். சிறிய மாடல்கள் சிலவற்றில் மெமரி பட்டனை ஒரு விநாடிக்கு மேல் பிடித்திருந்து, திரையில் அடையாளம் வந்த பிறகு எண்ணைத் தொட வேண்டும். காசியோவில் ஸ்டோர் பட்டனைப் பிடித்துக்கொண்டே எண்ணை அமுக்குவது வழக்கம்.

சேமித்தவுடன் வேண்டுமென்றே வேறு டோனுக்குப் போய்விட்டு, அந்த எண்ணை அமுக்கிப் பாருங்கள். திரும்பி வந்தால்தான் சேமித்ததாக அர்த்தம். என்னிடம் படிக்கும் எல்லாரும் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

ஏற்கனவே இருந்த நம்பர் மேலேயே சேவ் பண்ணிட்டேன். பழசு திரும்ப வருமா?

வராது. பழையது இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். நிறைய கீபோர்டுகள் "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்பதில்லை. பென் டிரைவில் நகல் இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

வால்யூமும் சேர்ந்து சேவ் ஆகுமா?

இதில் இரண்டு வால்யூம் இருக்கிறது. கையால் திருகும் மெயின் வால்யூம் சேமிக்கப்படாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. டோன் ஒவ்வொன்றுக்கும், ஸ்டைலுக்கும் தனித்தனியாக இருக்கும் அளவுகள் பெரும்பாலான மாடல்களில் சேமிக்கப்படும். காலில் அழுத்தும் எக்ஸ்பிரஷன் பெடல் எந்த அளவில் நிற்கிறது என்பதும் சேமிக்கப்படுவதில்லை. மிக்சரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் நீங்கள் செய்த எதுவும் கீபோர்டுக்குத் தெரியாது.

டோன் சேவ் ஆச்சு, ஆனா ஸ்டைல் மட்டும் ஆகவே இல்லை. ஏன்?

சேமித்த நேரத்தில் கீபோர்டு சாங் நிலையில், அதாவது உள்ளே இருக்கும் பாட்டை ஓட்டும் நிலையில், இருந்திருக்கும். யமஹாவின் சிறிய மாடல்களில் சாங் வசதியைத் திறந்து வைத்திருக்கும்போது ஸ்டைல் விவரங்கள் பதிவாகாது. ஸ்டைல் பட்டனைத் தொட்டு அந்த நிலைக்கு வந்துவிட்டு மறுபடி சேமியுங்கள்.

ஒரு நம்பர்ல சத்தம் கம்மியா வருது, அடுத்ததுல காதைக் கிழிக்குது. மெயின் வால்யூமைத் திருகிட்டே இருக்க வேண்டியதா இருக்கு.

டோன்களின் தனி அளவுகளைச் சமன் செய்யாமல் சேமித்ததால் வரும் பிரச்சினை இது. மெயின் வால்யூமை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு எண்ணிலும் ஒரே வரியை வாசித்துப் பாருங்கள். அதிகமாக ஒலிக்கும் டோனின் அளவைக் குறைத்து மறுபடி சேமியுங்கள். பித்தளை வாத்தியங்களும் சில சிந்த் டோன்களும் முன்னால் துருத்தும். புல்லாங்குழல், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் பாட்டுச் சத்தத்துக்குள் முங்கிப்போகும்.

இந்த வேலையை வீட்டில் ஹெட்ஃபோனில் செய்யாதீர்கள். ஆலயத்தில், ஆலயத்து ஸ்பீக்கரில், ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துச் செய்யுங்கள். உயரமான கூரையுள்ள பழைய கட்டடங்களில் இயல்பாகவே எதிரொலி அதிகம். அங்கே கீபோர்டின் ரிவெர்பையும் கூட்டி வைத்தால் பாட்டின் சொல் ஒன்றும் புரியாது. ரிவெர்பைக் குறைத்து, அந்த நிலையிலேயே சேமியுங்கள்.

பேங்க்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?

முன்பலகையில் நான்கோ எட்டோ பத்தோ எண் பட்டன்கள்தான் வைக்க முடியும். அந்த எண்களின் ஒரு தொகுதிதான் பேங்க். பேங்கை மாற்றினால் அதே பட்டன்களில் வேறு செட்டிங்குகள் வரும். சிறிய கீபோர்டுகளில் பேங்குகளின் எண்ணிக்கை நிலையானது. யமஹாவின் பெரிய அரேஞ்சர்களில் (ஸ்டைல் வசதி அதிகமுள்ள பெரிய கீபோர்டுகள்) ஒவ்வொரு பேங்கும் ஒரு ஃபைல் என்பதால் பெயர் வைத்து எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நம்பர்னு வைக்கட்டுமா? எங்க பாட்டுப் புத்தகத்துல நூத்துக்கணக்குல பாட்டு இருக்கே.

வேண்டாம். நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் இதுதான். பாட்டு வாரியாகச் சேமித்தால் அடுத்த வாரமே தேட வேண்டியிருக்கும். ஆராதனையில் எந்த இடத்தில் என்ன ஒலி வேண்டும் என்று பார்த்துச் சேமியுங்கள். பாட்டுகள் வாரம்தோறும் மாறும், ஆராதனையின் போக்கு மாறாது. போதகர் பாட்டு எண்ணைச் சொல்வதற்கும் முதல் வரி தொடங்குவதற்கும் நடுவே கிடைக்கும் சில விநாடிகளில் விரல் தானாகப் போய் நிற்க வேண்டும்.

நான் சொல்லிக் கொடுக்கும் அடுக்கு இப்படி இருக்கும். முதல் எண்ணில் எப்போதும் சாதாரண பியானோ, டிரான்ஸ்போஸ் 0, ரிதம் இல்லை. எங்கே தடுமாறினாலும் அங்கே வந்து நிற்கலாம். இரண்டாவதில் மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலைகளுக்கான ஆர்கன். பாமாலைக்கு ரிதம் வேண்டாம், சபையின் மூச்சுக்கு ஏற்ப நாம் போக வேண்டும். மூன்றாவதில் அதே ஆர்கனோடு கனமான இன்னொரு டோன், கடைசிச் சரணத்துக்கு. நான்காவதில் கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியமோ புல்லாங்குழலோ, கூடவே தபலா. எட்டுப் பட்டன்கள் இருந்தால் ஜெபத்தின்போது பின்னணியில் ஒலிக்க மெல்லிய ஸ்ட்ரிங்ஸுக்கு ஒன்று, காணிக்கை நேரத்துக்கு ஒன்று.

கீர்த்தனைகளுக்கு மட்டும் கூடுதல் இடம் ஒதுக்குவது நியாயம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நமக்கு வந்திருக்கும் பாடல்கள் ராகமும் தாளமும் குறித்து எழுதப்பட்டவை. ஆதி தாளத்துக்கு வைத்த ரிதத்தில் ரூபகத்தைப் பாட முடியாது. ஆதிக்கு ஒன்று, ரூபகத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்களாவது வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை மட்டும் பாட்டுக்கு ஏற்ப அங்கேயே கூட்டிக் குறைக்கலாம்.

பாட்டு நடுவுல நம்பர் மாத்தினா சவுண்டு டக்குன்னு கட் ஆகுது.

சிறிய கீபோர்டுகளில் இது சகஜம். டோனும் எஃபெக்டும் ஒரே நேரத்தில் மாறும்போது, பிடித்திருக்கும் சுரம் அறுந்துபோகும். அதனால் வரி முடிந்து சபை மூச்சு வாங்கும் இடத்தில் மாற்றுங்கள். இரண்டு எண்களிலும் ஒரே ரிவெர்ப் வகையை வைத்தால் ஒலி குதிப்பது குறையும்.

ரிதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற வேண்டுமானால் இரண்டு எண்களிலும் ஒரே ஸ்டைல், ஒரே வேகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மெலடி டோனை மாற்றப்போய்த் தாளத்தையே மாற்றிவிடுவீர்கள்.

ஃப்ரீஸ்னு ஒரு பட்டன் இருக்கு, யாரும் தொடறதே இல்லை. அது என்ன?

மேலே சொன்ன தாளச் சிக்கலுக்கு நேரடியான மருந்து அதுதான். எண்ணை மாற்றும்போது எவையெல்லாம் மாறாமல் நிற்க வேண்டும் என்று அதில் குறித்துவிடலாம். ஸ்டைலையும் வேகத்தையும் ஃப்ரீஸில் வைத்தால் எந்த எண்ணைத் தொட்டாலும் டோன் மட்டும் மாறும். ஆராதனை நடுவே பாடுபவருக்காக டிரான்ஸ்போஸ் மாற்றியிருந்தால் அதையும் இப்படி நிறுத்தி வைக்கலாம். வேலை முடிந்ததும் ஃப்ரீஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாட்டுக்குச் சரியான எண்ணை அமுக்கியும் பழைய ரிதமே ஓடும்.

காலால மாத்த முடியுமா? ரெண்டு கையும் வேலையா இருக்கு.

யமஹாவின் பெரிய அரேஞ்சர்களில் முடியும். பெடலின் வேலையை "அடுத்த ரெஜிஸ்ட்ரேஷன்" என்று மாற்றிவிட்டால் ஒரு மிதிக்கு ஒரு எண் நகரும். எந்த வரிசையில் நகர வேண்டும், கடைசி எண்ணுக்குப் பிறகு நிற்பதா, முதலுக்கே திரும்புவதா, அடுத்த பேங்குக்குப் போவதா என்பதையும் குறிக்கலாம். சிறிய மாடல்கள் பலவற்றில் பெடல் சஸ்டெயினுக்கு (சுரத்தை நீட்டிப் பிடிக்க) மட்டும்தான்.

கீபோர்டை ஆன் செய்யும்போது பெடல்மேல் கால் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் பல கீபோர்டுகள் பெடலின் இயல்பு நிலையைக் கண்டுகொள்கின்றன. மிதித்தபடி ஆன் செய்தால் அதன்பின் தலைகீழாக வேலை செய்யும்.

நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு தெரியாது. போனா எல்லாம் அழிஞ்சிடுமா?

முறையாகச் சேமித்தது அழியாது. இன்றைய கீபோர்டுகள் மின்சாரம் இல்லாமலே தாங்கும் ஃப்ளாஷ் மெமரியில் எழுதுகின்றன. பழைய சில கருவிகளில் நினைவைக் காப்பதற்கென்று உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் எல்லாம் போய்விடும். டெக்னீஷியனிடம் கொடுத்து பேட்டரியை மாற்றினால் சரியாகும். சேமிக்கும் அந்த நொடியிலேயே மின்சாரம் போனால் எந்தக் கருவியிலும் ஆபத்துதான். ஆகவே யுபிஎஸ்ஸில் போட்டுக்கொண்டு சேமியுங்கள்.

கரண்ட்டைவிட நான் அதிகம் பார்த்தது வேறு இரண்டு இழப்புகள். பேங்க் ஃபைல் உள்ள பெரிய யமஹாவில் எண்ணில் சேமித்தால் மட்டும் போதாது, அந்த பேங்கையும் ஃபைலாகச் சேமிக்க வேண்டும். சேமிக்காமல் வேறு பேங்குக்குப் போனால் செய்ததெல்லாம் போய்விடும். இன்னொன்று தானாக அணைவது. யமஹா கீபோர்டுகள் பலவற்றில் 30 நிமிடம் எதையும் தொடாவிட்டால் தானாக அணையும்படி வைத்திருப்பார்கள். பிரசங்கம் நீண்டால் கீபோர்டு அணைந்திருக்கும், சேமிக்காத மாற்றங்கள் மறைந்திருக்கும், முடிவுப் பாட்டு தொடங்கும்போதுதான் தெரியவரும். இடது ஓரத்துக் கடைசிக் கட்டையை அமுக்கிக்கொண்டே ஆன் செய்தால் இந்த வசதி நின்றுவிடும். வலது ஓரத்துக் கடைசி வெள்ளைக் கட்டையைத் தவறிக்கூட அப்படிப் பிடிக்காதீர்கள். சிறிய மாடல்களில் அது சேமித்தவை எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

எங்க சர்ச்ல தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணு ஆராதனைக்கும் ஒரே கீபோர்டு. யாரோ எங்க செட்டிங்கை மாத்திடறாங்க.

பெங்களூரில் வாசிப்பவர்களுக்கே உரிய கஷ்டம் இது. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மொழித் திருப்பலி முடிந்ததும் அடுத்த மொழிக்காரர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். சிறிய சபைகளிலும் ஞாயிறு காலை அப்படித்தான் போகிறது. மாற்றுகிறவர் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அவருக்கும் சேமிக்க ஓர் இடம் வேண்டும், எது காலி என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் எல்லாரும் கூடிப் பேசி பேங்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டு பேங்க் இருந்தால் மொழிக்கு இரண்டு, மீதியில் ஒன்று திருமணம், அடக்க ஆராதனை போன்றவற்றுக்கு, கடைசி பேங்க் விருந்தாளியாக வருபவருக்கு. யாருக்கு எது என்று ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி கீபோர்டு ஸ்டாண்டில் ஒட்டுங்கள். தமிழில் மட்டும் எழுதி ஒட்டிவிட்டு அடுத்தவர் மதிக்கவில்லை என்று வருந்துவது நியாயமில்லை.

அப்புறம் ஒரு மரியாதை. ஆராதனை முடிந்து எழுந்திருக்கும் முன் சாதாரண பியானோவுக்கு வந்து, டிரான்ஸ்போஸை 0 ஆக்கிவிட்டு எழுந்திருங்கள். அடுத்து உட்காருபவர் நம்பிக்கையோடு தொடங்குவார்.

பென் டிரைவ்ல காப்பி எடுத்து வைக்கணுமா?

கட்டாயம். பகிர்ந்து வாசிக்கும் கருவி என்றால் மாதம் ஒருமுறை எடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் பெரும்பாலான கீபோர்டுகள் ஏற்றுக்கொள்ளும், அதிலும் அந்தக் கீபோர்டிலேயே ஃபார்மட் செய்வது நல்லது. சிறிய யமஹாக்களில் எல்லா பேங்கும் ஒரே ஃபைலாகப் போகும். அதைத் திரும்ப ஏற்றினால் எல்லா பேங்கும் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால் மற்ற மொழிக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். பென் டிரைவ் செருகும் இடமே இல்லாத மாடல்களில் கம்ப்யூட்டர் கேபிள் வழியாக எடுக்க வேண்டும்.

நோட்டிலும் எழுதி வையுங்கள்: எண், டோனின் பெயர், ஸ்டைலின் பெயர், வேகம், டிரான்ஸ்போஸ். கருவியே பழுதாகி வாடகைக்கு வேறு ஒன்று வரும் நாளில் அந்த நோட்டுதான் கைகொடுக்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பும் இந்த இரண்டு நகலும் தயாராக இருக்க வேண்டும். ரீசெட் செய்துதான் திருப்பித் தருவார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு கீபோர்டுல பண்ணின செட்டிங்கை சர்ச் கீபோர்டுல போட்டா வேலை செய்யுமா?

இரண்டும் ஒரே மாடல் என்றால் செய்யும். ஒரே கம்பெனியின் வேறு மாடல் என்றால் ஓரளவு, வேறு கம்பெனி என்றால் கிடையாது. ஏனென்றால் அந்த ஃபைலுக்குள் ஒலியே இல்லை. எந்த டோன், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. முகவரி எழுதிய சீட்டு மாதிரிதான், அந்தத் தெருவே இல்லாத ஊரில் அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நம்பர் சரி, பேங்க் சரி. ஆனா போன வாரம் வந்த ஸ்டைல் வரல, வேற சவுண்டு வருது.

முந்தைய பதிலில் சொன்ன குறிப்பு விஷயம்தான் இங்கேயும். அந்த ஸ்டைல் பென் டிரைவில் இருந்து, இன்று பென் டிரைவ் செருகப்படாமல் இருந்தால் கீபோர்டால் அதை எடுக்க முடியாது. ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும், ஸ்டைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் இதே கதைதான். அவசியமான ஸ்டைல்களைக் கீபோர்டின் உள்மெமரிக்கு நகலெடுத்துவிட்டு அங்கிருந்து தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இந்திய வாத்தியங்களுக்காக ஏற்றிய கூடுதல் பேக்கை யாராவது மாற்றியிருந்தாலும் டோன்கள் இடம் மாறி வரும்.

கொயர் அஞ்சரைக் கட்டையில பாடுது, நான் ஒன்றாவது கட்டையில இருக்கேன். ஸ்கேல் எப்படி மாறிச்சு?

டிரான்ஸ்போஸும் எண்ணோடு சேர்ந்து பதிவாகிறது. ஒத்திகையில் பாடகருக்காக +8 வைத்து ஐந்தரைக் கட்டைக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். ஆராதனையில் வேறு எண்ணைத் தொட்டதும் அதில் சேமித்திருந்த 0 வந்துவிட்டது. ஒரே பாட்டுக்கு இரண்டு எண்கள் பயன்படுத்தினால் இரண்டிலும் ஒரே டிரான்ஸ்போஸ் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது ஃப்ரீஸில் நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், டிரான்ஸ்போஸ் மாற்றிய எதையும் நிரந்தரமாகச் சேமிக்காமல் இருப்பதே நல்லது.

பெரிய சர்ச் ஆர்கன்ல மெமரி பட்டனே காணோம். கட்டைக்குக் கீழே சின்னச் சின்ன வட்டமா இருக்கே, அதுவா?

அதேதான். அவற்றுக்கு பிஸ்டன் என்று பெயர். வேண்டிய ஸ்டாப்களை (ஒவ்வொரு வகை ஒலியையும் திறக்கும் குமிழ்களை) இழுத்துவிட்டு, செட் பட்டனைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை அமுக்கினால் அதில் பதிவாகும். ஜெனரல் பிஸ்டன் ஆர்கன் முழுவதையும் மாற்றும், டிவிஷனல் பிஸ்டன் தன் கட்டைவரிசையை மட்டும் மாற்றும். கால் பக்கத்திலும் இதே வேலைக்குக் குமிழ்கள் இருக்கும். டிஜிட்டல் ஆர்கன்களில் மெமரி லெவல் என்று அடுக்குகள் உண்டு. நம் கணக்கில் அது பேங்க். சிலவற்றில் பூட்டும் இருக்கும், பூட்டியிருந்தால் செட் வேலை செய்யாது.

சேமிக்கும் முன் ஸ்டாப்களை அடுக்கத் தெரிய வேண்டும். 8 என்று எழுதியது அமுக்கிய கட்டையின் சுருதியிலேயே ஒலிக்கும், 4 ஒரு ஸ்தாயி மேலே, 16 ஒரு ஸ்தாயி கீழே. 8இல் தொடங்கி, பிறகு 4, பிறகு 2 என்று ஏற்றி, ஒவ்வொரு படியையும் ஒரு பிஸ்டனில் வையுங்கள். இப்படிச் சேமிக்கும் ஆசை பழையது. 1935இல் வெளிவந்த ஹாமண்ட் ஆர்கனின் இடது ஓரத்தில் நிறம் தலைகீழான 12 கட்டைகள் இருந்தன, பெரும்பாலானவை தயாராக வைத்த ஒலிகளுக்கானவை. அவற்றில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பின்பக்கம் திறந்து வயர்களை இடம் மாற்றித் திருகாணி முடுக்க வேண்டும்.

டேப்லெட்ல இருந்து மிடி மூலமா மாத்தறேன். சர்ச் ஆர்கன் 20ன்னு போட்டா ரீட் ஆர்கன் வருது.

மிடி என்பது இசைக்கருவிகளும் கம்ப்யூட்டர்களும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை, 1983இல் வந்தது. அதில் டோன் எண்கள் உள்ளே 0 முதல் 127 வரை போகும். கீபோர்டு திரையிலும் பட்டியலிலும் பெரும்பாலும் 1 முதல் 128 வரை எழுதுவார்கள். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான ஜெனரல் மிடி பட்டியலில் 19 ராக் ஆர்கன், 20 சர்ச் ஆர்கன், 21 ரீட் ஆர்கன். உங்கள் ஆப் 0இலிருந்து எண்ணுகிறது என்றால் 20 போட்டால் 21ஆவது டோன்தான் வரும். 19 என்று போடுங்கள். அப்போதும் ஒலி வேறாக இருந்தால் டோன் எண்ணுக்கு முன்னால் பேங்க் எண்ணையும் அனுப்ப வேண்டும். அந்த எண்கள் கீபோர்டின் வாய்ஸ் பட்டியலில் ஒவ்வொரு டோனுக்கும் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.